கார் மேடை: சொகுசு செடான் – வாசகர் கேள்வி, பதில்

கேள்வி (கோயம்புத்தூர்): அப்பாவுக்கு வயது 68. மில் வேலையாக வாரத்தில் மூன்று நாள் திருப்பூர், ஈரோடு போய் வருகிறார். ஓட்டுவது டிரைவர். பென்ஸ் இ-கிளாஸா, பிஎம்டபிள்யூ 5 சீரிஸா என்று வீட்டில் ஒரு மாதமாகப் பட்டிமன்றம் நடக்கிறது. இரண்டு ஷோரூமிலும் நீளத்தைப் பற்றியே பேசுகிறார்கள். நீளத்துக்கு ஏன் இவ்வளவு சண்டை?

பதில்: பணம் கட்டுபவர் உட்காரும் இடம் பின்சீட்டின் இடது மூலை என்பதால்தான். இந்தியாவில் இந்த ரகக் கார்களின் போட்டி பெருமளவு அந்த மூலையில்தான் நடக்கிறது. குதிரைத்திறனெல்லாம் விளம்பரத்துக்கு.

இது சீனாவில் தொடங்கிய கதை. அங்கேயும் முதலாளி பின்னால்தான் உட்காருவார். 1990-களின் முடிவில் ஆடி தன் ஏ6 காரை நீட்டி, சாங்சுன் ஆலையில் தயாரித்து விற்றது. பிஎம்டபிள்யூ 2006-லும் மெர்சிடிஸ் 2010-லும் அதே வழிக்கு வந்தன. இந்தியாவில் முந்திக்கொண்டது மெர்சிடிஸ். 2017-ல் வலப்பக்க ஸ்டீயரிங் வைத்த நீள இ-கிளாஸை இங்கே கொண்டுவந்தது. சாதாரண இ-கிளாஸைவிட வீல்பேஸ் (முன், பின் சக்கர அச்சுகளுக்கு இடையே உள்ள தூரம்) 140 மி.மீ. கூடுதல், மொத்தம் 3,079 மி.மீ. அந்த வண்டிதான் இந்தியாவில் அந்த நிறுவனத்தின் அதிகம் விற்கும் கார் ஆனது. 'ஓட்டுபவருக்கான கார்' என்ற பெயரைக் கட்டிக்காத்த பிஎம்டபிள்யூ, இந்த அளவில் பதில் சொல்ல ஏழு வருடம் எடுத்துக்கொண்டது. 2024 ஜூலையில் நீள 5 சீரிஸான 530எல்ஐ வந்தது: வீல்பேஸ் 3,105 மி.மீ., அறிமுக விலை 72.90 லட்சம். அக்டோபரில் புதிய இ-கிளாஸ் வந்தது: 3,094 மி.மீ., 78.50 லட்சத்திலிருந்து. ஆடி ஏ6 இங்கே நீளாமல் 2,924 மி.மீ.யிலேயே நின்றுவிட்டது, அதனால் இந்தப் பந்தயத்தில் அது இல்லை.

ஆக, இரண்டுக்கும் வித்தியாசம் 11 மி.மீ. ஒரு சுண்டுவிரல் அகலம். உங்கள் அப்பாவின் முழங்காலுக்கு அது தெரியப் போவதில்லை. தெரியப் போவது சாய்மானம். இ-கிளாஸின் பின்சீட் மோட்டாரில் 36 டிகிரி வரை சாயும். தொடைக்குக் கீழே உள்ள பகுதியும் முன்னால் நீளும். 530எல்ஐ-யின் பின்சீட் முதுகு நிலையானது, சாயாது. ஈரோடு வரை இரண்டு மணி நேரம் உட்காரும் 68 வயதுக்காரருக்கு இந்த ஒன்றே போதும் முடிவெடுக்க.

ஆனாலும் ஷோரூமில் நின்ற வண்டியில் இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டு வந்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் டிரைவரை அழைத்துப் போங்கள். அவர் ஓட்டுகிற நிலையில் முன்சீட்டை வைத்த பிறகு அப்பாவை இடப்புறம் பின்னால் உட்காரச் சொல்லி நான்கு விஷயம் பாருங்கள். தொடைக்கும் சீட்டுக்கும் நடுவில் கை நுழைகிறதா? நுழைந்தால் சீட் தாழ்வு. ஒரு மணி நேரத்தில் இடுப்பு வலிக்கும். முன்சீட்டுக்கு அடியில் செருப்போடு பாதம் போகிறதா? முன்சீட்டை மிகத் தாழ்வாக இறக்கினால் பல வண்டிகளில் போகாது. தலை குனியாமல் ஏறி இறங்க முடிகிறதா? கடைசியாக, இருபது நிமிடமாவது மேடுபள்ளமான சாலையில் பின்சீட்டிலேயே உட்கார்ந்து பார்க்கட்டும். 19 அங்குலச் சக்கரத்துக்கும் 18 அங்குலச் சக்கரத்துக்கும் உள்ள வித்தியாசம் அப்போதுதான் இடுப்பில் தெரியும். சக்கரம் பெரிதானால் டயரின் பக்கச்சுவர் மெலியும், பள்ளம் நேராக உள்ளே வரும்.

வாங்குவதற்கு முன் வீட்டு நிறுத்துமிடத்தை டேப் வைத்து அளந்துவிடுங்கள். தமிழ்நாட்டுக் கட்டட விதிகளின்படி ஒரு கார் நிறுத்துமிடம் 2.5 மீட்டருக்கு 5 மீட்டர். 530எல்ஐ-யின் நீளம் 5,165 மி.மீ., இ-கிளாஸ் 5,092 மி.மீ. இரண்டுமே அடுக்குமாடிக் கட்டத்தை விட்டு மூக்கை நீட்டும். அகலத்தில் பக்கத்துக்கு 30 செ.மீ. போல மிஞ்சும். நீண்ட பின்கதவை அதற்குள் திறந்து பெரியவர் இறங்க முடியாது. வெளியில் இறக்கிவிட்டுத்தான் உள்ளே விட வேண்டும்.

அப்பா மட்டும்தான் பயணி என்றால் இ-கிளாஸ். ஞாயிற்றுக்கிழமை டிரைவருக்கு லீவு கொடுத்துவிட்டு நீங்களே ஊட்டி மலை ஏறுவீர்கள் என்றால் 530எல்ஐ. அதன் 258 குதிரைத்திறன், பெட்ரோல் இ-கிளாஸான இ200-இன் 204-ஐவிட வளைவுக்கு வளைவு தெரியும்.

கேள்வி (மதுரை): நீளமான செடான் வாங்கி நான்கு மாதம். ஊருக்குள் ஒவ்வொரு வேகத்தடையிலும் அடி தட்டுகிறது. டிரைவரை மாற்றலாமா, வண்டியை மாற்றலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். கொஞ்சம் கணக்கு போட்டுப் பார்த்தால் குற்றவாளி யாரென்று தெரியும்.

இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரம் கொண்ட வளைவாக இருக்க வேண்டும். 3.1 மீட்டர் வீல்பேஸ் உள்ள கார் அதன் மேல் முழுதாக நிற்கும்போது, இரு அச்சுக்கும் நடுவே தார் சுமார் 71 மி.மீ. மேலே வரும். தரை இடைவெளி 145 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் 74 மி.மீ. மிச்சம். பின்னால் மூன்று பேர், டிக்கியில் சாமான் என்று வண்டி 30-40 மி.மீ. அமுங்கினாலும் தட்டாது. 2.85 மீட்டர் வீல்பேஸ் காருக்கு இதே கணக்கு 60 மி.மீ. ஆக, வண்டி நீண்டதால் நீங்கள் இழந்தது 11 மி.மீ. மட்டுமே.

தட்டுவது விதிப்படி போட்ட தடையில் அல்ல. தெருக்காரர்களே ஒரு லோடு ஜல்லியும் தாரும் கொட்டி, ஒரு முழ அகலத்தில் 15 செ.மீ. உயரத்துக்குப் போட்ட கரையில்தான். முன்சக்கரம் இறங்கி, பின்சக்கரம் ஏறாத நேரத்தில் வண்டியின் நடுவயிறு அதன் மேல் வரும். 145 மி.மீ.-க்கு 150 மி.மீ. அவ்வளவுதான்.

டிரைவரிடம் மூன்று பழக்கம் கேளுங்கள். ஒன்று, பிரேக்கைத் தடைக்கு முன்பே முடித்துவிட வேண்டும். பிரேக்கில் கால் வைத்தபடி ஏறினால் மூக்கு அமுங்கி முன்பம்பர் தட்டும். இரண்டு, இடமிருந்தால் சாய்வாக ஏற வேண்டும். நான்கு சக்கரமும் தனித்தனி நேரத்தில் ஏறும். கரை வயிற்றுக்குக் கீழே குறுக்காக விழாமல் மூலைவாட்டில் விழும். ஒரு ஓரம் எப்போதும் ஏதோ ஒரு சக்கரத்தின் தூக்கலில் இருக்கும். மூன்று, ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் உயர்த்தும் பொத்தானைத் தடை வருவதற்கு முன்பே அழுத்த வேண்டும். காற்று நிரம்பச் சில நொடி ஆகும்.

தட்டும்போது முதலில் அடிபடுவது என்ஜினுக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் தட்டு. அதன் கிளிப்புகள் உடைந்து ஒரு முனை தொங்கும். நெடுஞ்சாலை வேகத்தில் காற்று புகுந்து முழுத் தட்டையும் கிழித்துவிடும். அடுத்த சர்வீஸில் லிஃப்டில் ஏற்றியதும் கிளிப்புகளை எண்ணச் சொல்லுங்கள். கிளிப் விலை அற்பம், தட்டு அப்படியல்ல. மின்சாரக் கார் என்றால் தட்டிய அன்றே பேட்டரி உறையைப் பார்த்துவிட வேண்டும்.

கேள்வி (தாம்பரம்): தினமும் பரனூர் சுங்கச்சாவடியைக் கடக்கிறேன். பக்கத்திலேயே பிஎம்டபிள்யூ ஆலை. உள்ளூரில் தயாராகும் காருக்கு ஏன் இந்த விலை?

பதில்: மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் உள்ள அந்த ஆலை 2007 மார்ச்சில் திறந்தது. அங்கே நடப்பது பெரும்பாலும் கோக்கும் வேலை. பாகங்கள் பெட்டி பெட்டியாகக் கப்பலில் வரும். உள்ளூர்ப் பாகங்களோடு சேர்த்துப் பூட்டுவார்கள். இப்படிப் பிரித்துக் கொண்டுவந்தால் சுங்க வரி 15 சதவீதம்; 40,000 டாலருக்கு மேற்பட்ட காரை முழுதாக இறக்கினால் 110 சதவீதம். பூனாவுக்குப் பக்கத்தில் சாக்கனில் மெர்சிடிஸ், சத்ரபதி சம்பாஜிநகரில் ஆடி, பிடதியில் லெக்ஸஸ் என்று எல்லோரும் இங்கே கூடாரம் அடித்ததற்குக் காரணம் இந்த இடைவெளிதான்.

இதில் ஒரு சுவையான விஷயம். 2011 பட்ஜெட்டில், என்ஜினோ கியர்பாக்ஸோ முழுதாகக் கோத்த நிலையில் வந்தால் குறைந்த வரி கிடையாது என்று விதியை இறுக்கினார்கள். அதனால் என்ஜினையும் இங்கேயே கோக்க வேண்டிய நிலை. பிஎம்டபிள்யூவுக்குச் சென்னையிலும் மெர்சிடிஸுக்குச் சாக்கனிலும் அந்த வேலையைச் செய்வது யார் தெரியுமா? ஃபோர்ஸ் மோட்டார்ஸ். குலதெய்வம் கோவிலுக்குக் குடும்பத்தோடு போகிறோமே, அந்த டிராவலர் வேன் தயாரிக்கும் அதே நிறுவனம்.

இனி உங்கள் பில். வரிக்கு முன் 50 லட்சம் உள்ள ஒரு செடானை எடுத்துக்கொள்வோம். 2025 செப்டம்பர் 22-க்கு முன்னால் ஜிஎஸ்டி 28, செஸ் 20, ஆக 48 சதவீதம். ஷோரூம் விலை 74 லட்சம். இப்போது செஸ் போய் 40 சதவீதம், 70 லட்சம். குறைந்தது 4 லட்சம், அதாவது 5.4 சதவீதம். '8 சதவீதம் குறைந்ததே, என் பில்லில் காணோமே' என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான்: குறைந்தது வரி விகிதம், மொத்த விலையில் அது ஐந்தரை சதவீதம்கூட வராது.

அதோடு முடியவில்லை. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம்; 70 லட்சத்துக்கு 14 லட்சம். 10 லட்சத்துக்கு மேல் விலை என்பதால் டிசிஎஸ் (விற்பவரே வசூலித்துக் கட்டும் வருமான வரி) ஒரு சதவீதம், 70,000 ரூபாய்; இதை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், பலர் மறந்துவிடுகிறார்கள். முதல் வருட இன்சூரன்ஸ் இரண்டு, மூன்று லட்சம். கடைசியில் சாவி கைக்கு வரும்போது 87 லட்சம். அதில் ஜிஎஸ்டியும் ஆயுள் வரியும் மட்டும் 34 லட்சம். 50 லட்சத்துக்குள் ஒளிந்திருக்கும் சுங்க வரி தனி.

கேள்வி (சேலம்): எந்த ஷோரூமுக்குப் போனாலும் 2 லிட்டர், 4 சிலிண்டர். 80 லட்சம் கொடுத்தும் ஆறு சிலிண்டர் கிடையாதா?

பதில்: கிடைக்கும், விலை ஏறும். இ-கிளாஸிலேயே இ450-இல் 3 லிட்டர் ஆறு சிலிண்டர், 381 குதிரைத்திறன். ஆனால் விற்பனை 2 லிட்டரில்தான். அதற்கு இந்தியாவைவிடச் சீனாதான் காரணம். அங்கே நுகர்வு வரி என்ஜின் அளவுப்படி ஏறும்: 1.5 முதல் 2 லிட்டர் வரை 5 சதவீதம், 3 லிட்டர் வரை போனால் 12, அதைத் தாண்டினால் 25, 4 லிட்டருக்கு மேல் 40. உலகிலேயே பெரிய சந்தை 2 லிட்டரில் கோடு கிழித்தால் எல்லோரும் 1,998, 1,999 சி.சி. என்று கோட்டை முத்தமிட்டு நிற்பார்கள்.

தொழில்நுட்பக் காரணமும் உண்டு. ஒரு சிலிண்டருக்கு ஏறத்தாழ 500 சி.சி. என்பது எரிப்புக்கு வாகான அளவு. பிஎம்டபிள்யூ அதே சிலிண்டரை மூன்றாகச் சேர்த்தால் 1.5, நான்கானால் 2, ஆறானால் 3 லிட்டர் என்று ஒரே குடும்பமாக வைத்திருக்கிறது. ஒரே தாய், மூன்று பிள்ளை. பாகச் செலவு மிச்சம்.

இந்தியாவிலும் ஒருமுறை இந்தக் கோடு சுட்டது. 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் டெல்லி வட்டாரத்தில் 2,000 சி.சி.-யும் அதற்கு மேலும் உள்ள டீசல் கார்களைப் பதிவு செய்யத் தடை போட்டது. மெர்சிடிஸின் அன்றைய டீசல் 2,143 சி.சி. வெறும் 143 சி.சி.யால் தலைநகர டீசல் சந்தையே எட்டு மாதம் மூடிக்கிடந்தது. 2016 ஆகஸ்டில், ஒரு சதவீதப் பசுமை வரியோடு தடை விலகியது. அடுத்து வந்த இ-கிளாஸ் டீசல் 1,950 சி.சி.

ஆறு சிலிண்டரின் அருமை வேகத்தில் இல்லை, அதிர்வு இல்லாமையில் இருக்கிறது. சிக்னலில் நிற்கும்போது சீட்டில் கை வைத்துப் பாருங்கள். நான்கு சிலிண்டரில் அந்த இடத்தை 48 வோல்ட் மோட்டார் ஓரளவு மூடுகிறது: நின்றதும் என்ஜினை அணைத்து, பெல்ட் வழியாகவோ கியர்பாக்ஸ் வழியாகவோ குலுக்கலின்றித் திரும்ப எழுப்பும். நீங்களே ஓட்டாதவரை 2 லிட்டர் போதும்.

கேள்வி (திருநெல்வேலி, கல்லூரி மாணவி): ஜெர்மன் நிறுவனங்களை ஒரு ஜப்பான் நிறுவனம் உலுக்கியது என்கிறார்களே, எப்படி?

பதில்: 1983-ல் டொயோட்டாவின் தலைவர் எய்ஜி டொயோடா தன் ஆட்களிடம் உலகின் சிறந்த காரைச் செய்ய முடியுமா என்று கேட்டார். ஆறு வருடம், சுமார் 450 மாதிரி வண்டிகள், ஒரு பில்லியன் டாலருக்கு மேல் செலவு. 1989 ஜனவரியில் டெட்ராய்ட் கண்காட்சியில் டொயோட்டாவின் புதுச் சொகுசு பிராண்டான லெக்ஸஸின் எல்எஸ் 400 நின்றது. எட்டு சிலிண்டர் கார். அமெரிக்காவில் தொடக்க விலை 35,000 டாலர். ஜெர்மன் எட்டு சிலிண்டர் செடான்களை வைத்துப் பார்த்தால் பாதி போல.

விலை மட்டும் என்றால் ஜெர்மானியர்கள் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். அமைதிதான் அவர்களைக் கலங்கடித்தது. என்ஜின் மூடியின் மேல் ஷாம்பெயின் கோப்பைகளைக் கோபுரமாக அடுக்கி, சக்கரங்களை உருளையில் சுழலவிட்டு வேகத்தை ஏற்றினார்கள். ஒரு சொட்டு சிந்தவில்லை. அது விளம்பரம்தான். ஆனால் தலைமைப் பொறியாளர் இசிரோ சுசுகி சத்தத்தைக் காதில் படும் இடத்தில் பஞ்சு வைத்து அடைக்காமல், அது பிறக்கும் இடத்திலேயே நிறுத்த வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததால் சாத்தியமான விளம்பரம்.

அதைவிட முக்கியமானது அதே வருட டிசம்பர். வாடிக்கையாளர்களிடமிருந்து வந்தது ஓரிரு புகார்தான். அதற்கே விற்ற சுமார் 8,000 கார்களையும் திரும்ப அழைத்தார்கள். புது பிராண்டுக்கு இது கழுத்தில் கத்தி. வீட்டுக்கே ஆளனுப்பி வண்டியை எடுத்துப்போய், சரிசெய்து, கழுவி, பெட்ரோல் நிரப்பித் திரும்ப விட்டார்கள். மூன்று வாரத்துக்குள் முடித்துவிட்டார்கள். இன்று எந்தச் சொகுசு காரின் சர்வீஸுக்கும் வீட்டு வாசலில் வண்டியை எடுத்துப்போய் கழுவிக் கொடுக்கிறார்களே, அந்தப் பழக்கத்தை எல்லோரும் பின்பற்ற வேண்டிய கட்டாயம் இப்படித்தான் வந்தது.

கேள்வி (அண்ணா நகர்): 7 சீரிஸா, அதன் மின்சார வடிவமான ஐ7-ஆ? மின்சாரக் கார்தான் கடைசியில் மலிவு என்கிறார் ஆடிட்டர். நம்பலாமா?

பதில்: ஆடிட்டர் சொல்வதில் பொருள் இருக்கிறது. 2023 ஜனவரியில் இரண்டும் ஒரே நாளில் வந்தன. சென்னையில் கோத்த பெட்ரோல் 7 சீரிஸான 740ஐ 1.70 கோடி, முழுதாக இறக்குமதியான ஐ7 1.95 கோடி. இறக்குமதி வரி அவ்வளவு இருந்தும் 25 லட்சம்தான் வித்தியாசம். காரணம், மின்சாரக் காருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம் மட்டும். அதோடு 1.70 கோடிக்கு 20 சதவீத ஆயுள் வரி என்றால் 34 லட்சம். மின்சாரக் காருக்குத் தமிழக அரசு தரும் வரி விலக்கு உங்கள் பதிவு நாளில் நடப்பில் இருந்தால் வித்தியாசம் தலைகீழாகிறது. விலக்கு ஆணைகளுக்குத் தேதி உண்டு. முன்பணம் கட்டும் முன் ஆர்டிஓவில் கேட்டுவிடுங்கள்.

இந்த இடத்தில்தான் இரு நிறுவனங்களின் பாதையும் பிரிந்தது. பிஎம்டபிள்யூ ஒரே உடலில் பெட்ரோலையும் பேட்டரியையும் வைத்தது. மெர்சிடிஸ், எஸ்-கிளாஸ் ஒரு பக்கம், இக்யூஎஸ் என்று கூழாங்கல் போல வழுவழுப்பான தனி மின்சாரக் கார் இன்னொரு பக்கம் என்று பிரித்தது. இக்யூஎஸ் காற்றைக் கிழிப்பதில் கெட்டி. இங்கே அராய் (இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கம்) சோதனையில் ஒரு சார்ஜுக்கு 857 கி.மீ. காட்டியது. ஆனால் கூரை பின்னால் சரிவதாலும் தரைக்கடியில் பேட்டரி இருப்பதாலும், பின்சீட்டில் முழங்கால் கொஞ்சம் மேலே தூக்கியே நிற்கும். எஸ்-கிளாஸில் உட்கார்ந்து பழகியவர் அதில் இரண்டு நிமிடம் உட்கார்ந்தால் முகம் சுளிப்பார். இரு நிறுவனத்தின் பெட்ரோல் வண்டிகளின் வீல்பேஸைப் பாருங்கள்: நீள எஸ்-கிளாஸ் 3,216, 7 சீரிஸ் 3,215 மி.மீ. ஒரு மி.மீ. வித்தியாசத்தில் அடித்துக்கொள்கிறார்கள்.

ஐ7-ஐ எடுப்பதாக இருந்தால் வீட்டு மின் இணைப்பு மும்முனையா, அனுமதித்த லோடு எவ்வளவு என்று முதலில் பாருங்கள். பேட்டரி 100 யூனிட்டுக்கு மேல். 11 கிலோவாட் சார்ஜர் என்றால் இரவு முழுக்க, ஒன்பது பத்து மணி நேரம். சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில் செருகினால் ஒன்றரை நாள் ஆகும்.

கேள்வி (திருச்சி): பென்ஸ் ஷோரூமில் ஒரு ரூபாய்கூடக் குறைக்க மாட்டேன் என்கிறார்கள். நாடகமா?

பதில்: பெரும்பாலும் உண்மை. 2021 அக்டோபரிலிருந்து மெர்சிடிஸ் இந்தியா முறையை மாற்றிவிட்டது: வண்டிகள் கம்பெனிக் கணக்கில் நிற்கும், பில்லும் கம்பெனி பெயரில், டீலருக்குக் கமிஷன். நாடு முழுக்க ஒரே விலை. சலுகை இருந்தால் கம்பெனியே அறிவிக்கும். நீங்கள் பேச வேண்டிய இடம் வேறு: பழைய வண்டியின் மாற்று விலை, கடன் வட்டி, சர்வீஸ் பேக்கேஜ், இன்சூரன்ஸ். கடைசியில் சொன்னதை வெளியில் விசாரித்துவிட்டு வந்து பேசுங்கள்.

மற்ற நிறுவன டீலர்களிடம் தன் ஸ்டாக் உண்டு, டிசம்பரில் இறங்குவார்கள். அப்போது விற்பனைச் சான்றான ஃபார்ம் 21-இல் தயாரிப்பு மாதம், வருடம் பாருங்கள். ஜனவரியில் பதிந்தாலும் போன வருட வண்டி போன வருட வண்டிதான், விற்கும்போது கேட்பார்கள்.

கேள்வி (நாகர்கோவில்): ஐந்து வருடமான ஜெர்மன் டீசல் செடான், 62,000 கி.மீ., பாதிக்கும் குறைந்த விலையில் வருகிறது. எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: விலை பாதியானாலும் பாகங்களின் விலை பாதியாவதில்லை, இதை மனதில் வைத்து இறங்குங்கள். வாங்கியதும் செலவுக்கென்று மூன்று நான்கு லட்சம் தனியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் வேண்டாம்.

சென்னை பதிவென்றால் முதல் சந்தேகம் வெள்ளம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். அடியில் மண் கோடு தெரிகிறதா? டிக்கித் தரையைத் தூக்குங்கள். பல ஜெர்மன் கார்களில் பேட்டரியும் மின்னணுப் பெட்டிகளும் அங்கேதான். கனெக்டரில் பச்சை பூத்திருந்தால் அப்படியே மூடிவிட்டு வந்துவிடுங்கள்.

ஏர் சஸ்பென்ஷன் உள்ளதா? முதல் நாள் மாலை நான்கு சக்கர வளைவின் உயரத்தையும் அளந்து, மறுநாள் காலை வண்டியைத் தொடுமுன் திரும்ப அளக்கவும். ஒரு மூலை இறங்கியிருந்தால் காற்றுப் பை கசிகிறது. அதைவிட மோசம், அந்தக் கசிவை ஈடுகட்ட ஓயாமல் ஓடிய கம்ப்ரெஸரும் ஆயுளை முடித்திருக்கும்.

கியர்பாக்ஸ் இசட்எஃப் எட்டு வேகம் என்றால், 'எண்ணெய் ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்' என்பார்கள். தயாரித்த இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கி.மீ. அல்லது எட்டு வருடத்துக்குள் மாற்றச் சொல்கிறது. அடிப்பகுதி பிளாஸ்டிக் தட்டு. வடிகட்டி அதனோடு ஒட்டியே வரும், தனியாகக் கழற்ற முடியாது. தட்டையே மாற்ற வேண்டும். விலை பேசும்போது இதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

டீசல் என்பதால் கடைக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடிய வண்டியா என்று விசாரியுங்கள். புகை வடிகட்டியில் சேரும் கரி எரிய, சூடான என்ஜினோடு இருபது நிமிடமாவது சீரான வேகம் வேண்டும். நகர ஓட்டத்தில் அது கிடைக்காமல் அடைத்துக்கொள்ளும். புகையைச் சுத்தம் செய்யும் ஆட்ப்ளூ திரவத்துக்குத் தனித் தொட்டி உள்ள வண்டியில் மூடியைச் சுற்றி வெள்ளை உப்பு படிந்திருந்தால் சிந்தியிருக்கிறது. அது 32.5 சதவீத யூரியாக் கரைசல். தீர்ந்தால் எச்சரிக்கை எண்ணிக்கை முடிந்ததும் என்ஜின் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. தவறி டீசல் தொட்டியில் ஊற்றினால் சாவியைத் திருப்பாமல் இழுத்துப் போங்கள்.

டயரின் பக்கவாட்டில் உள்ள டாட் (DOT) எண்ணின் கடைசி நான்கு இலக்கம் தயாரிப்பு வாரமும் வருடமும். நட்சத்திரக் குறி பிஎம்டபிள்யூவுக்கும், எம்.ஓ. மெர்சிடிஸுக்கும், ஏ.ஓ. ஆடிக்கும் ஒப்புதலானது. நான்கில் ஒன்று மட்டும் குறியில்லாமல் புதிதாக இருந்தால் அந்த மூலையில் என்ன நடந்தது என்று கேளுங்கள். பிரேக் தட்டில் குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். கேலிப்பர் வைத்து அளந்தால் தட்டு மாற்றும் நாள் தெரியும்.

இன்சூரன்ஸில் என்ஜின் பாதுகாப்புச் சேர்க்கையை விடாதீர்கள். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து என்ஜின் உடைந்தால், சாதாரணப் பாலிசி அதை உங்கள் தவறின் விளைவு என்று தள்ளிவிடும். மழை வந்து சைலன்சர் மூழ்கினால் பொத்தானைத் தொடாமல் டோ வண்டியைக் கூப்பிடுவதே வழி.

கேள்வி (காரைக்குடி): பெரும்பாலான ஜெர்மன் செடான்கள் 250 கி.மீ. வேகத்தில் நிற்பது ஏன்?

பதில்: சட்டம் எதுவும் இல்லை. 1980-களின் கடைசியில் ஜெர்மன் தயாரிப்பாளர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட வாய்மொழி ஏற்பாடு. போர்ஷே மட்டும் சேரவில்லை. காசு கட்டினால் சில மாடல்களில் அந்தப் பூட்டைத் திறந்தும் விடுவார்கள். காரைக்குடியிலிருந்து திருச்சி போக உங்களுக்கு அது தேவைப்படாது.